குழியின் கரை எப்போது சரிகிறது?

கரிசல் பூமியில் கிணறு வெட்டுகிறவர்கள் மண்ணின் மேல் அதிக நம்பிக்கை வைப்பதில்லை. கயத்தாற்றைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும், வடக்கே கோவில்பட்டியைத் தாண்டியும் பரந்து கிடக்கும் மானாவாரிக் காடுகளிலும், மேலே கரிசல், அதற்குக் கீழே சுக்கான், அதற்கும் கீழே சரளையும் பாறையும் என்று அடுக்கடுக்காக அமைந்த நிலத்தில், பாறை தட்டுகிறவரையில் கரையைச் சரித்து அகலமாகவே தோண்டிச் செல்வதும், தண்ணீர் கண்ட பிறகு மேல்மண் நிற்கும் உயரத்துக்குக் கல்லால் கட்டி அதைத் தாங்கச் செய்வதும், வெட்டி எடுத்த மண்ணை விளிம்பிலேயே குவிக்காமல் தள்ளிக் கொண்டுபோய்க் கொட்டுவதும் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கங்கள். எந்தப் பள்ளிக்கூடமும் இவற்றைக் கற்றுத்தரவில்லை. சரிந்த கிணறுகளே கற்றுத்தந்தன.

மாசி, பங்குனி மாதங்களில் பருத்தி எடுத்து முடிந்த காட்டில் நடந்து போகிறவர், நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதையும், சில வெடிப்புகளில் முழங்கை வரைக்கும் கை நுழைவதையும் பார்த்திருப்பார். கரிசலில் மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் தாது மிகுதி. நீரை உறிஞ்சினால் அது ஊதிப் பெருக்கும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். காட்டின் நடுவே கிடக்கிற வெடிப்பு எந்தத் தீங்கும் செய்வதில்லை; முதல் மழையில் தானே மூடிக்கொள்ளும். ஆனால் கிணற்று ஓரத்தில், விளிம்பிலிருந்து நான்கைந்து அடி உள்ளே தள்ளி, விளிம்புக்கு இணையாக ஒரு வெடிப்பு வளைந்து ஓடுமானால், அதைக் கோடையின் வெடிப்பு என்று விட்டுவிடக்கூடாது. அதன் குழிப்பக்கத்து உதடு மறுபக்கத்து உதட்டைவிட ஓர் அங்குலம் தாழ்ந்திருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை: கரை கழன்றுவிட்டது, விழுவதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறது. பெருமழை பெய்து அந்த வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால், அன்றைக்கோ மறுநாளைக்கோ கரை முழுவதும் கிணற்றுக்குள் இருக்கும்.

முப்பது நாற்பது அடிக் கிணற்றில் நிகழ்கிற இதே விபரீதம், நூறு மீட்டர் ஆழமும் பல கிலோமீட்டர் அகலமும் உடைய நிலக்கரிக் குழியில் நிகழ்ந்தால் என்ன ஆகும் என்பதை ஆராய்கிற சாஸ்திரம் ஒன்று உண்டு. திறந்தவெளிச் சுரங்கங்களின் சரிவுகளை ஸ்திரமாக நிறுத்துவது எப்படி என்பதே அதன் விஷயம். நிலக்கரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் மின்சாரத்தைப் பற்றியும், புகையைப் பற்றியும், நிலம் இழந்த குடியானவர்களைப் பற்றியும் பேசுகிறார்கள், பேசவேண்டியதும் அவசியமே. ஆனால் அந்தக் குழிக்குள் இறங்கி வேலை செய்கிறவனுடைய தலைக்கு மேலே நிற்கிற மண்சுவர் எதனால் நிற்கிறது, எதனால் விழுகிறது என்பதைப் பொதுஜனங்களுக்குச் சொல்கிறவர்கள் குறைவு. விழுந்த பிறகு அதை விதி என்று சொல்லிவிடுகிறோம். விதி என்று சொல்வதற்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் மண் எதனால் நிற்கிறது என்பதைப் பார்ப்போம். களத்தில் கம்பையோ சோளத்தையோ மேலிருந்து கொட்டினால் அம்பாரம் ஒரு குறிப்பிட்ட சாய்வுக்கு மேல் செங்குத்தாவதில்லை. எவ்வளவு கொட்டினாலும் ஓரத்தில் வழிந்து அதே சாய்வுக்குத் திரும்பிவிடும். மணிக்கும் மணிக்கும் இடையே உள்ள உராய்வு எவ்வளவோ அவ்வளவு சாய்வைத்தான் அது தாங்கும். உலர்ந்த மணலும் அப்படியே. சுமார் 33 அல்லது 35 பாகைச் சாய்வில் அது நின்றுவிடும். களிமண்ணுக்கு உராய்வோடு இன்னொரு பலமும் உண்டு. துகளோடு துகள் ஒட்டிக்கொள்ளும் பிசுபிசுப்பு அது. அதன் உதவியால் ஈரக் களிமண் சிறிது உயரத்துக்குச் செங்குத்தாகக்கூட நிற்கும். ஆனால் உயரம் கூடக்கூட எடை பெருகுகிறதே தவிர ஒட்டும் பலம் பெருகுவதில்லை. ஆகையால் பத்தடி உயரத்தில் ஜோராக நின்ற சுவர் நூறடி உயரத்தில் நிற்காது. இந்த இரண்டு பலங்களையும் பிரித்துக் காட்டி, மண் அறுந்து விழுவதற்கான கணக்கை முதன்முதலில் வகுத்தவர் பிரெஞ்சு ராணுவப் பொறியாளரான கூலோம். மின்சார விதியால் பெயர்பெற்ற அதே கூலோம்தான். மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டும் பணியில் பல ஆண்டுகள் உழன்று திரும்பிய அவர், 1773-இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் முன் தம்முடைய ஆராய்ச்சியைச் சமர்ப்பித்தார்.

மண் எந்த வடிவத்தில் அறுகிறது என்பது தெளிவாவதற்கு மேலும் நூற்றுநாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1916-இல் ஸ்வீடன் தேசத்தின் கோத்தன்பர்க் துறைமுகத்தில் ஒரு கப்பல்துறைச் சுவர், அடியிலிருந்த மென்மையான களிமண்ணோடு சேர்ந்து கடலுக்குள் சரிந்தது. அதை ஆராய்ந்த பொறியாளர்கள், கரை நேர்கோட்டில் அறவில்லை, பூமிக்குள் ஒரு வட்டத்தின் வில்லைப்போல வளைந்து அறுந்திருக்கிறது என்று கண்டார்கள். மேலே விளிம்புக்குப் பின்னால் வெடிப்பாகத் தொடங்கி, உள்ளே வளைந்து இறங்கி, அடிவாரத்தில் குழிக்குள் வெளிப்படுகிற அந்த வில்லின் மேல் அமர்ந்திருக்கும் மண் முழுவதும் திரும்பிச் சுழன்று இறங்குகிறது. அதனால்தான் விளிம்பு தாழும்போது அடிவாரம் புடைக்கிறது. அந்த வில்லின் நெடுகிலும் மண்ணைப் பிடித்து நிறுத்தும் பலத்தைக் கூட்டி, அதை இழுத்துத் தள்ளும் பலத்தால் வகுத்தால் கிடைப்பது பாதுகாப்பு எண். அது ஒன்றாக இருந்தால் சரிவு நூலிழையில் நிற்கிறது. ஒன்றுக்குக் கீழே போனால் நில்லாது. சுரங்கப் பொறியாளர்கள் அதை 1.2-லிருந்து 1.5 வரையில் வைத்துக்கொள்ள முயல்கிறார்கள். குறைந்த காலமே நிற்கவேண்டிய சுவருக்குச் சிறிய எண் போதும். கீழே ரயில் பாதையோ ஊரோ இருந்தால் பெரிய எண் வேண்டும்.

இந்தக் கணக்கில் தண்ணீர் புகுந்துவிட்டால் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. மழைநீர் மண்ணுக்கு வழுக்கல் கொடுக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையான காரணம் வேறு. துகள்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகளில் தண்ணீர் நிரம்பி அழுத்தம் பெறும்போது, ஒரு துகள் இன்னொரு துகளின் மேல் அழுந்தும் பாரத்தில் ஒரு பகுதியை அந்தத் தண்ணீரே ஏந்திக்கொள்கிறது. அழுத்தம் குறைந்தால் உராய்வும் குறைகிறது. தண்ணீருக்கோ உராய்வு என்பதே கிடையாது. ஆகவே எடை அப்படியே இருக்க, பிடிமானம் மட்டும் போய்விடுகிறது. 1920-களில் டெர்ஸாகி என்னும் அறிஞர் வகுத்துச் சொன்ன இந்த உண்மையின் மேல்தான் மண் இயக்கவியல் முழுவதும் நிற்கிறது. மணற்சரிவு ஒன்றில் மேற்பரப்பு வரைக்கும் நீர் நிறைந்து, சாய்வுக்கு இணையாகக் கசிந்து ஓடுமானால், அதன் பாதுகாப்பு எண் உலர்ந்திருந்தபோது இருந்ததில் ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்பது கணக்கு. கோடை முழுவதும் அசையாமல் நின்ற சுவர் ஐப்பசி அடைமழையில் விழுவதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

நம் நாட்டுச் சாட்சியத்துக்குத் தொலைவில் போகவேண்டியதில்லை, நெய்வேலி இருக்கிறது. 1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம்முடைய நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டபோது கரிய பொருள் ஒன்று கலந்து வெளிவந்ததைக் கவனித்து, அதை அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனதிலிருந்து அந்தச் சுரங்கத்தின் கதை தொடங்குகிறது. தண்ணீரைத் தேடிய இடத்தில் பழுப்பு நிலக்கரி அகப்பட்டது. பிற்பாடு நிலக்கரியைத் தோண்டப் போன இடத்தில் தண்ணீரே பெரிய சத்துருவாக நின்றது. 1956-இல் நிறுவனம் பதிவாயிற்று. 1957-ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நிலக்கரி வெயிலைக் கண்டது 1961 ஆகஸ்டில். இடையில் கழிந்த நான்கு ஆண்டுகளும் மேல்மண்ணோடும் நீரோடும் நடந்த போராட்டமே.

அந்தப் போராட்டத்தின் தன்மை விசேஷமானது. நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்கு மேலே கடலூர் மணற்பாறை என்னும் செந்நிறமும் மஞ்சளும் கலந்த கனத்த அடுக்கு, ஊடே ஊடே களிமண் பட்டைகளோடு, ஐம்பது மீட்டருக்கும் அதிகமான கனத்துக்குக் கிடக்கிறது. சில இடங்களில் இயந்திரச் சக்கரத்தின் எஃகுப் பற்களையே தேய்த்துவிடும் அளவுக்குக் கடினமான பாறை அது. ஆனால் மழை பட்டால் அதன் களிமண் பசையாகிவிடுகிறது. நிலக்கரிக்குக் கீழேயோ நீர் செறிந்த மணல் அடுக்கு. மேலே மூடியிருக்கும் அடுக்குகளால் அடைபட்டுக் கிடக்கும் அந்த நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரையில் மேல்நோக்கி அழுத்துகிறது. இது எவ்வளவு என்பதைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டருக்கு 60 முதல் 80 டன் வரை கீழிருந்து தள்ளுகிற பலம் அது. மேல்மண் முழுவதையும் அகற்றிவிட்டு, இருபது மீட்டர் கனமுள்ள பழுப்பு நிலக்கரியை மட்டும் விட்டுவைத்தால் அதன் எடை சதுர மீட்டருக்கு இருபத்துநான்கு டன் அளவுக்குத்தான் இருக்கும். ஆக, மூடியைத் தூக்கி எறியும் கொப்பரையாகக் குழியின் தளமே வெடித்து மேலெழும்பிவிடும். தளம் எழும்பினால் அதன்மேல் கால் ஊன்றி நிற்கும் சரிவுகளின் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் குழியைச் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் இட்டு, இரவு பகல் ஓயாமல் நீரை இறைத்து அழுத்தத்தைத் தணித்துக்கொண்டே சுரங்கத்தை நடத்துகிறார்கள். மின்சாரம் தடைப்பட்டாலும் நிற்கக்கூடாத வேலை அது. இறைத்த நீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரி வழியாக வயல்களுக்குப் போகிறது. மற்றொரு பக்கத்தில், சுற்றுவட்டாரத்துக் கிணறுகளின் நீர்மட்டம் தாழ்ந்துபோயிற்று என்பது குடியானவர்களின் நெடுநாள் முறையீடு. குழிக்குள் இருப்பவனுடைய பாதுகாப்பும் குழிக்கு வெளியே இருப்பவனுடைய பாசனமும் ஒரே நீரில் தொங்குகின்றன என்பதை இரு தரப்பாரும் நினைவில் வைக்கவேண்டும். முறையீட்டை அலட்சியம் செய்வதும் நியாயமன்று, இறைப்பதை உடனே நிறுத்து என்று சொல்வதும் சாத்தியமன்று.

நெய்வேலியில் குழியின் விளிம்பில் நின்று கீழே பார்க்கிறவர்களுக்கு, மண் ஒரே சுவராக இறங்காமல் பிரம்மாண்டமான படிக்கட்டுகளாக இறங்குவது தெரியும். ஒவ்வொரு படியிலும், வாளிகள் கோத்த ராட்சதச் சக்கரம் ஒன்று சுழன்று சுழன்று மண்ணை அரிந்து ஓடும் பட்டையில் கொட்டுகிறது. இந்தப் படிகளை அழகுக்காக வெட்டுவதாக யாரும் நினைக்கமாட்டார்கள். படியின் முகம் செங்குத்தாக இருந்தாலும், ஒவ்வொரு படியிலும் அகலமான தளம் விடுவதால், மேல் விளிம்பிலிருந்து அடிவாரத்துக்கு நூல் பிடித்தால் மொத்தச் சாய்வு மென்மையாகிவிடுகிறது. மேற்படியில் ஒரு துண்டு விழுந்தாலும் அந்தத் தளமே அதைத் தாங்கிக்கொள்ளும். கீழே வேலை செய்கிறவன் தலையில் அது விழாது. தவிர, ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள அந்த இயந்திரங்கள் எந்தத் தளத்தில் எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கவேண்டும் என்பதும் கணக்கில் அடங்கியதே. கிணற்று விளிம்பில் மண்ணைக் குவிக்காதே என்று நம்மவர்கள் சொன்னதும் இதுவும் ஒன்றுதான்.

அப்படியானால் எல்லாச் சரிவுகளையும் நன்றாகச் சாய்த்து வெட்டிவிட்டால் தொல்லை தீர்ந்ததே என்று கேட்கலாம். இங்கேதான் பணம் குறுக்கே வருகிறது. நூறு மீட்டர் ஆழமுள்ள குழியின் மொத்தச் சாய்வை 45 பாகையிலிருந்து 40 பாகையாகக் குறைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டர் நீளச் சுவருக்கு மட்டும் ஏறத்தாழ 9.6 லட்சம் கன மீட்டர் மண்ணை அதிகமாக அகற்றவேண்டும். பத்துக் கன மீட்டர் கொள்ளும் லாரிகளில் அது 96,000 நடை. அந்த மண்ணில் ஒரு கூடை நிலக்கரிகூடக் கிடையாது; வெறும் செலவு. ஐந்து பாகைச் சாய்வுக்கு இவ்வளவு விலை இருக்கும்போது, சாய்வைச் செங்குத்தாக வைத்துக்கொள்ளும்படி ஆசை தூண்டாமல் இருக்குமா? எந்தக் கோணம் போதும் என்று நிர்ணயிக்கிறவர் மண்ணைச் சோதித்து அறிந்த பொறியாளராக இருக்கவேண்டும். உற்பத்திக் கணக்கை மாதக் கடைசியில் காட்டவேண்டியவராக இருக்கக்கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நாகரிகமான தேசம் எதுவும் விட்டுக்கொடுக்கக்கூடாது என்பது என் அபிப்பிராயம்.

வெட்டிய குழி ஒருபுறம் இருக்க, வெட்டிக் கொட்டிய மண்ணே சில சமயம் பெரிய யமனாகிறது. வேல்ஸ் தேசத்தின் அபர்ஃபான் கிராமத்துக்கு மேலே மலைச்சரிவில், நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவுமண்ணை மேடு மேடாகக் கொட்டி வந்தார்கள். அவற்றில் ஏழாவது மேடு ஊற்றுக்கண்களின் மேலேயே எழுப்பப்பட்டது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இப்படிக் கொட்டுவது ஆபத்து என்று உள்ளூர் மன்றத்தார் 1963-லேயே கடிதம் எழுதினார்கள். 1966-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி காலை, குழந்தைகள் வகுப்பில் உட்கார்ந்த சிறிது நேரத்தில், நீரில் ஊறிய அந்த மேடு குழம்பாகி இறங்கி வந்து பள்ளியையும் பக்கத்து வீடுகளையும் மூடியது. 144 பேர் மாண்டார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள். விசாரணை நடத்திய நீதிபதி எட்மண்ட் டேவிஸ் தலைமையிலான மன்றம், பழி தேசிய நிலக்கரி வாரியத்தையே சேரும் என்று ஐயத்துக்கு இடமின்றித் தீர்ப்பளித்தது. அதன் பயனாக 1969-இல் கழிவுமேடுகளுக்கென்றே பிரிட்டனில் தனிச் சட்டம் வந்தது.

நம் நாட்டில் அத்தகைய துயரம் ஜார்க்கண்ட் மாநிலத்தின் கோட்டா மாவட்டத்தில் நேர்ந்தது. லால்மாட்டியாவிலுள்ள ராஜ்மகல் திறந்தவெளிச் சுரங்கத்தில் 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் தேதி மாலை இருட்டிய நேரத்தில், மேல்மண் குவியலும் அதைத் தாங்கிய தளமும் சேர்ந்து சரிந்து இறங்கின. லாரிகளோடும் இயந்திரங்களோடும் புதைந்து 23 தொழிலாளர்கள் இறந்தார்கள். முன்பே வெடிப்புகள் தென்பட்டன என்று அங்கே வேலை செய்தவர்கள் சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. அபர்ஃபானில் கடிதம், லால்மாட்டியாவில் வெடிப்பு. இரண்டு இடங்களிலும் எச்சரிக்கை முன்னதாகவே வந்திருந்தது.

எச்சரிக்கையைக் கேட்டு நடந்தால் எவ்வளவு பெரிய சரிவிலும் ஓர் உயிர்கூடப் போகாது என்பதற்கும் பிரத்தியட்சமான உதாரணம் உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பிங்காம் செப்புச் சுரங்கத்தில் 2013-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு பக்கத்துச் சுவர் மில்லிமீட்டர் கணக்கில் நகரத் தொடங்கியது. ரேடார் கருவிகள் அதை ஓயாமல் அளந்துகொண்டிருந்தன. ஏப்ரல் 10-ஆம் தேதி, சரிவு நெருங்கிவிட்டது என்று அறிவித்து ஆட்களை எல்லாம் வெளியேற்றினார்கள். அன்றிரவே இரண்டு தவணைகளில் பதினான்கு கோடி டன்னுக்கும் அதிகமான பாறை குழிக்குள் இறங்கியது. லாரிகளும் மண்வெட்டி இயந்திரங்களும் புதைந்தன. ஒருவருக்கும் காயமில்லை.

இது மந்திரமன்று. சரியப்போகும் சுவர் முதலில் மிக மெதுவாக நகர்கிறது. நாட்கள் போகப்போக வேகம் கூடுகிறது. ஜப்பானிய ஆராய்ச்சியாளர் ஃபுகுஸோனோ 1985-இல் ஓர் எளிய உபாயத்தைக் காட்டினார். அன்றாட வேகத்தைத் தலைகீழாக்கி, அதாவது ஒன்றை வேகத்தால் வகுத்து, நாளுக்கு நாள் காகிதத்தில் குறித்து வந்தால், புள்ளிகள் பெரும்பாலும் ஒரு கோடாக இறங்குகின்றன. அந்தக் கோடு பூஜ்யத்தைத் தொடும் நாள் எதுவோ, ஏறக்குறைய அதுவே சுவர் விழும் நாள். நாளொன்றுக்கு 2 மில்லிமீட்டர் நகர்ந்த இடம் சில நாட்களில் 4 என்றும், பிறகு 10 என்றும் ஆகும்போது, புத்தியுள்ளவன் கீழே நிற்கமாட்டான். இன்றைய ரேடார்கள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அசைவைத் தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிடுகின்றன. நம் நாட்டின் பெரிய நிலக்கரிச் சுரங்கங்கள் சிலவற்றிலும் அவை வந்துவிட்டன. ஆனால் விலையுயர்ந்த கருவி இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய இயலாது என்று எண்ணவேண்டாம். வெடிப்பின் இரு பக்கத்திலும் ஒவ்வொரு முளைக்குச்சி அடித்து, காலையிலும் மாலையிலும் இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை நாடாவால் அளந்து ஒரு நோட்டில் எழுதி வந்தாலே, இதே கணக்கைப் போட்டுவிடலாம். அரைப் பக்க நோட்டும் அரை மணி நேரமும் போதும். வேண்டியது, அந்த எண்ணைப் பார்த்ததும் வேலையை நிறுத்தும் அதிகாரம் யாருக்காவது இருப்பதுதான்.

கைவிடப்பட்ட குழிகளும் சாதுவானவை அல்ல. ஜெர்மனியின் நாக்டர்ஸ்டெட் ஊரில் பழைய பழுப்பு நிலக்கரிக் குழியை ஏரியாக்கினார்கள்; அதன் கரையில் வீடுகள் இருந்தன. 2009 ஜூலை 18-ஆம் தேதி விடிகாலையில் கரை உடைந்து, வீட்டோடு மூன்று பேர் ஏரிக்குள் போனார்கள். இறைப்பதை நிறுத்தியபின் நீர் ஏறிவரும் குழிகளின் கரையில் குடியிருப்பது எவ்வளவு அபாயம் என்பதற்கு அது சாட்சி. நெய்வேலி போன்ற இடங்களுக்கு வருங்காலத்துப் பாடமும் ஆகும்.

நம்முடைய கரிசல் வட்டாரத்தில் நிலக்கரி கிடையாது. ஆனால் குழிகளுக்குக் குறைவில்லை. நெடுஞ்சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் ஜல்லியும் எம்-சாண்டும் தருகிற கல்குவாரிகள் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் ஏராளம். கயத்தாற்றிலிருந்து நெடுஞ்சாலையில் தெற்கே போனால் ஒரு மணி நேரப் பிரயாணத்தில் எட்டிவிடக்கூடிய அடைமிதிப்பான்குளம் குவாரியில், 2022-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் தேதி நள்ளிரவில், ஏறக்குறைய முந்நூறு அடி ஆழத்தில் கல் ஏற்றிக்கொண்டிருந்த ஆறு பேர் மேல், பக்கச் சுவரிலிருந்து பாறைகள் பெயர்ந்து விழுந்தன. இருவர் உயிரோடு மீண்டார்கள், நால்வர் இறந்தார்கள். மழையும், தொடர்ந்து உருண்டு விழுந்த பாறைகளும் குறுக்கிட, அரக்கோணத்திலிருந்து வந்த தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் கடைசி உடலை எடுப்பதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆயிற்று.

கருங்கல் மண்ணைப்போல வில்லாக அறுவதில்லை. அதற்கு வேறு வழி இருக்கிறது. எவ்வளவு கெட்டியான பாறையிலும் இயற்கையான பிளவுகள் ஓடுகின்றன. பிளவு மலைக்குள் சாய்ந்திருந்தால் பயமில்லை. குழியை நோக்கிச் சாய்ந்து, அதன் அடிமுனையை நாம் வெட்டி வெளிப்படுத்திவிட்டால், அதன் மேலுள்ள பாளம் முழுவதும் தாங்கலின்றி நிற்கிறது. இரண்டு பிளவுகள் ஒன்றையொன்று வெட்டினால் ஆப்பு வடிவில் ஒரு துண்டு கழன்று வரும். ஒவ்வொரு வெடியும் அந்தப் பிளவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுகிறது. திறந்த இடத்தில் மழைநீர் இறங்குகிறது. படிகள் விடாமல் செங்குத்தாக முந்நூறு அடி இறங்கிய குவாரியில், மேலே கழன்ற கல்லை நிறுத்துவதற்கு இடையில் ஒன்றுமே இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமே கல்குவாரிகளையும் சுரங்கமாகக் கருதியது. தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் சுரங்கங்களைக் கண்காணிக்கிறது. நிலக்கரிச் சுரங்கங்களுக்கான 1957-ஆம் ஆண்டு விதிகள், மண், சரளை, களிமண் போன்ற தளர்ந்த நிலத்தில் சரிவு 45 பாகைக்கு மேற்படக்கூடாது, அல்லது ஒன்றரை மீட்டருக்கு மேற்படாத படிகளாக, உயரத்துக்குக் குறையாத அகலத்தோடு வெட்டவேண்டும் என்று விதித்தன. பெரிய இயந்திரங்கள் வந்தபிறகு தனி அனுமதியும் விஞ்ஞான ஆய்வும் கேட்டு அதைத் தளர்த்தினார்கள். 2017-இல் வந்த புதிய விதிகளும் ஆய்வை வற்புறுத்துகின்றன. கல்குவாரிகளும் படி வெட்டியே இறங்கவேண்டும். கரிசல் காட்டுக் கிணறுவெட்டி அறிந்திருந்ததைத்தான் விதிகளும் சொல்கின்றன. குறை ஏட்டில் இல்லை. படியில்லாக் குவாரிக்கு அனுமதிச்சீட்டு புதுப்பிக்கப்படுகிற இடத்திலும், இரவுநேர வேலையைக் காணாததுபோல் இருக்கிற இடத்திலும், வெடிப்பைக் கண்டு வேலைக்கு வர மறுத்தவனுக்கு மறுநாள் வேலை இல்லை என்று சொல்கிற இடத்திலும் இருக்கிறது.

ஆகையால் இந்த வட்டாரத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் குவாரியின் விளிம்புக்குப் பின்னால் விளிம்புக்கு இணையான வெடிப்பு ஓடினாலும், வறண்டிருந்த சுவரில் புதிதாக நீர் கசிந்தாலும், சிறு கற்கள் காரணமின்றி அடிக்கடி உதிர்ந்தாலும், படியே விடாமல் சுவர் செங்குத்தாக இறங்கியிருந்தாலும், வேலியில்லாத பழைய குழியில் பிள்ளைகள் குளிக்கப் போனாலும், பார்த்த தேதியையும் இடத்தையும் குறித்து, முடிந்தால் படமும் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத்துறைக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. அங்கே நேரில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பாகவே இதைச் செய்துவிடுங்கள்.